149, 4810, 241

மான்ட்பிளாங்க் கம்பெனியின் சரித்திரத்தை அதன் விளம்பரங்களில் படிப்பதைவிட அதன் எண்களில் படிப்பது மேல். எண்கள் பொய் சொல்லாது என்று ஒரு வங்கி குமாஸ்தா நம்ப முடியாதுதான். ஆனாலும் ஒரு ஸ்தாபனம் எதை எண்ணுகிறது என்பதிலிருந்து அது எதை விற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் மலையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. 1906-இல் ஹாம்பர்க்கில் ஆல்ஃபிரெட் நெஹெமியாஸ் என்ற வங்கிக்காரரும் ஆகஸ்ட் எபர்ஸ்டைன் என்ற எஞ்சினியரும், அமெரிக்காவில் பார்த்த பவுண்டன் பேனாவை ஜெர்மனியிலேயே செய்து பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். கிளாஸ் வோஸ் என்ற ஸ்டேஷனரி வியாபாரி சேர்ந்துகொண்டார். பணம், யந்திரம், கடை. பையில் வைத்தால் சட்டையைக் கறைப்படுத்தாத பேனா ஒன்று வேண்டும் என்பதுதான் அன்றைய பிரச்னை முழுவதும். மலையின் பெயர் 1910 வாக்கில் வந்தது. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம் 1913-இல்.

1924-இல் 'மைஸ்டர்ஷ்டுக்' வந்தது. ஆங்கிலத்தில் மாஸ்டர்பீஸ். விமர்சகர்களாகிய நாம் வாரத்துக்கு ஒரு நாவலுக்கு வழங்கிக்கொண்டிருக்கும் வார்த்தை. ஐரோப்பியக் கைத்தொழில் சங்கங்களில் அதன் அர்த்தம் அடக்கமானது. தொழில் கற்றவன் ஆசான்களின் முன் பரீட்சைக்காக வைக்கும் ஒரு சாமான், அவ்வளவே. அது தேறினால் அவனும் ஆசான். பிறகுதான் அவன் வேலையே ஆரம்பமாகிறது.

149 என்ற மாடல் 1952-இல் வெளிவந்தது. இந்த எண் தொழிற்சாலையின் பாஷை. முதல் இலக்கம் தரம்: 1 என்றால் மைஸ்டர்ஷ்டுக், 2 நடுத்தரம், 3 மலிவு. இரண்டாவது இலக்கம் மை நிரப்பும் முறை: 4 என்றால் பிஸ்டன். மூன்றாவது நிப்பின் அளவு: 9 மிகப் பெரியது. பேனாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடும் இப்படி ஒரு பெயரை எனக்குப் பிடிக்கிறது. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் இறங்கும். எதிராகத் திருகினால் மையை உறிஞ்சிக்கொண்டு மேலேறும். நிப்பு தங்கத் தகட்டிலிருந்து வெட்டப்பட்டு, வளைக்கப்பட்டு, நுனியில் தேயாத கடின உலோகத்தின் சின்ன உருண்டை ஒன்று பற்ற வைக்கப்படுகிறது. மெல்லிய சக்கரம் அதை நடுவில் பிளக்கிறது. கடைசியில் ஓர் ஆள் அதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறார், சத்தம் கேட்கிறதா என்று காதால் கவனித்தபடி. உராய்ந்தால் மறுபடி சாணைக்கு. இதில் போலித்தனம் எதுவும் இல்லை. நல்ல வேலை.

முக்கியமாக, அந்த வரிசையில் 2-உம் 3-உம் இருந்தன. பள்ளிப் பையன்களுக்காக 'மான்ட்டி ரோசா' என்ற மலிவுப் பேனாவும் அதே கம்பெனி செய்தது. உச்சிக்குக் கீழே ஒரு மலை இருந்தது.

பிறகு பால்பாயிண்ட் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. எழுதுவதற்குப் பவுண்டன் பேனா அவசியமில்லை என்று ஆனபிறகு அதைச் செய்கிறவன் என்ன செய்வான்? 1977-இல் கம்பெனி டன்ஹில் கைக்குப் போயிற்று. சிகரெட் லைட்டரையும் கனவான்களின் தோல் சாமான்களையும் விற்றுப் பழகியவர்கள். எண்பதுகளில் மலிவு வரிசைகள் நின்றன. ஸ்டேஷனரிக் கடையில் நோட்டுப் புத்தகத்துக்கும் பசைப் புட்டிக்கும் நடுவில் இருந்த பேனா, கடிகாரத்துக்கும் நகைக்கும் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது.

நிப்பில் 4810 என்று பொறிக்கும் வழக்கம் 1930-ஐ ஒட்டி ஏற்பட்டது. மலையின் உயரம், மீட்டரில். பேனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் சின்ன ஆடம்பரம், மன்னிக்கலாம். 1992-இல் லொரென்ஸோ டி மெடிச்சியின் பெயரில் ஒரு பேனா வந்தபோது அதே 4810 வேறு காரியத்துக்குப் பயன்பட்டது: அத்தனை பேனாக்கள்தான் செய்யப்படும், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. 149 என்ற எண் உள்ளே இருப்பதைச் சொன்னது. இந்த எண் வெளியே நிற்பவர்களைப் பற்றிப் பேசுகிறது.

அதே வருஷம் எழுத்தாளர் வரிசை தொடங்கியது. முதல் பேனா ஹெமிங்வே பெயரில். பாரீஸ் காப்பிக் கடைகளில் பென்சிலைச் சீவிச் சீவி எழுதியவர், பிறகு டைப்ரைட்டரிடம் போனவர். 1996-இல் அலெக்ஸாந்தர் டூமா. முதலில் வந்த சில பேனாக்களில் தகப்பனாரின் கையெழுத்துக்குப் பதில் அதே பெயர் கொண்ட மகனின் கையெழுத்து பொறிக்கப்பட்டுவிட்டது. ஓர் எழுத்தாளனின் பெயரை விற்க அவனுடைய ஒரு வரியையும் வாசித்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2004-இல் காஃப்கா. வட்டத்திலிருந்து சதுரத்துக்கு மாறும் உடல், உருமாற்றமாம். நிப்பில் ஒரு பூச்சி. 1915 அக்டோபரில், கதை புத்தகமாக வரவிருந்தபோது, ஓவியர் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று பயந்து காஃப்கா பதிப்பகத்துக்கு அவசரமாக எழுதினார்: அதை வரையக் கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது. அட்டையில் முகத்தைப் பொத்திக்கொண்டு கதவை விட்டு விலகும் மனிதன் மட்டுமே வந்தான். எண்பத்தொன்பது வருஷம் கழித்து, அந்தப் பூச்சியைப் பதினெட்டு காரட் தங்கத்தில் செதுக்கிவிட்டார்கள்.

காஃப்காவின் முதல் புத்தகமும் எண்ணிட்ட பதிப்புதான்: 800 பிரதிகள், 1912 முடிவில். பல வருஷங்களுக்குப் பிறகும் அவை விற்றுத் தீரவில்லை. நம் பத்திரிகை சில நூறு பிரதிகள் போடுகிறது. கேட்க ஆளில்லாததால் வரும் அருமை வேறு, கேட்பவனைத் தடுத்து உண்டாக்கும் அருமை வேறு. ஆனால் நம்மில் சிலர் முதலாவதை அனுபவித்துக்கொண்டே இரண்டாவதன் சந்தோஷத்தைப் பட்டுக்கொள்வதை நான் பார்க்கிறேன். சந்தா கூடினால் தரம் குறைந்துவிடும் என்று போன மாதம்கூட ஒரு நண்பர் கவலைப்பட்டார்.

241 என்பது தண்டி யாத்திரையின் மைல் கணக்கு. 2009-இல் காந்தி பெயரில் அத்தனை பேனாக்கள், ஒன்று சுமார் பதினோரு லட்சம் ரூபாய். வெள்ளைத் தங்கம், நிப்பில் கோலூன்றி நடக்கும் காந்தி, நூல் கண்டை ஞாபகப்படுத்தச் சுற்றிய தங்க இழை. உப்புக்காக நடந்த மைல்களை இப்படியும் எண்ணலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பெயர்களையும் சின்னங்களையும் தகாத முறையில் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டிக் கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2010-இல் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது.

காந்தியோடு நிஜமாகவே சம்பந்தப்பட்ட பேனா ஒன்று உண்டு. ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் கடைசல் பட்டறையில் எபோனைட் கட்டையைக் கடைந்து செய்த சுதேசிப் பேனா. அதைப் பெற்றுக்கொண்டு 1935-இல் காந்தி அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தப் பேனாவாலேயே எழுதிப் பார்த்து, நன்றாக எழுதுகிறது என்று.