கட்டிலுக்கு வந்த பாட்டு



ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மருந்துக்கு அடுத்தபடியாக என்ன வேண்டும்? இங்கிலாந்தில் சாதாரண மக்கள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி வானொலி.

1920களின் நடுவில் யார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் சுமார் 200 கட்டில்களுக்குப் பக்கத்தில் காதில் மாட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள். பி.பி.சி. பிறந்ததே 1922இல்தான். ஊரில் பலர் வீட்டில் ரேடியோ இல்லாத காலத்தில் நோயாளிகளுக்கு ரேடியோ கிடைத்தது!

போர் முடிந்த பிறகுதான் இது வேகம் பிடித்தது. நியூகாசல் நகரைப் பாருங்கள். பந்தாட்டப் பைத்தியம் பிடித்த ஊர். 1951இல் அங்கே ஆட்ட வர்ணனையை மைதானத்திலிருந்து கம்பி வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலில் கட்டுப் போட்டவன் மைதானத்துக்குப் போக முடியாது. மைதானம் அவன் காதுக்கு வந்தது. ரேடியோ டைன்சைடு என்ற நிலையத்தின் ஆரம்பம் அதுதான்.

இதை நடத்தியவர்கள் யார்? கிராணிகள், கடைச் சிப்பந்திகள், மாணவர்கள். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து சாயங்காலம் வருவார்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும். வார்டு வார்டாகப் போய், "என்ன பாட்டு வேணும்? யாருக்காக?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு சின்ன அறைக்குள் போய் இசைத்தட்டைச் சுழல விட்டு, வார்டையும் பெயரையும் சொல்லிப் பாட்டைப் போடுவார்கள். செலவுக்கு உண்டியல் குலுக்கினார்கள். உச்சத்தில் இருந்தபோது பிரிட்டன் முழுவதும் சுமார் 300 நிலையங்கள். பி.பி.சி.யில் புகழ்பெற்ற கென் புரூஸ்கூட கிளாஸ்கோ ஆஸ்பத்திரி வானொலியில் பழகியவர்தான். ஆனால் பேர் வெளியே தெரியாமலே பல வருஷம் பாடுபட்டவர்கள்தான் அதிகம். என் மரியாதை அவர்களுக்கு.

பாட்டு எந்த ரேடியோவிலும் வரும் ஐயா. கட்டிலருகே வந்து நின்று கேட்கிறானே, அது வருமா? பார்க்க வர ஆளே இல்லாத கிழவருக்கு அன்றைக்கு வந்த ஒரே விருந்தாளி, அந்தத் தாளும் பென்சிலுமாக வந்த பையன்தான்.

இதன் அருமை தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, தோட்டங்களில் பொது ரேடியோ வைத்தது அரசாங்கம். அதன் நோக்கம் பிரச்சாரம். நம்ம ஆட்கள் காத்திருந்தது பாட்டுக்கு! பிறகு தபால் அட்டையில் பாட்டுக் கேட்டு எழுதினோம். "நம்ம தோட்டத்துப் பேரு ரேடியோவுல வந்துச்சு" என்றால் லயமே சிரிக்கும்.

அந்த லயத்து ஆட்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பால்மரம் போய் செம்பனை வந்தது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பாட்டி கோலா பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரியில் படுத்தால், பிள்ளை வருவது சனி ஞாயிறில். மற்ற ஐந்து நாளும்?

"கைப்பேசியில் மின்னல் எஃப்.எம். கேட்கலாமே" என்று எதிரணி நண்பர் சொல்வார். பிரிட்டனிலும் அப்படித்தான் சொன்னார்கள். 2000களில் கட்டிலருகே காசு கட்டிப் பார்க்கும் டிவி வந்தது, அப்புறம் கைப்பேசி வந்தது, பல நிலையங்கள் மூடிவிட்டன. 2020இல் கோவிட் வந்தபோது தொண்டர்கள் வார்டுக்குள் நுழைய முடியவில்லை. சிலர் வீட்டிலிருந்தே ஒலிபரப்பினார்கள். கைப்பேசி எல்லார் கையிலும் இருந்த அந்த நேரத்தில்தான், ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் மனித முகத்துக்கு ஏங்கினார்கள்.

காற்றில் ஒலிபரப்ப 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது பிறகு. முதலில் தாளும் பென்சிலும் போதும். பாட்டு நிறைந்த ஒரு கைப்பேசி, பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவில்லாமல் காதில் மாட்டும் கருவி, ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் அனுமதி. மிஸ்ஸியிடம் கேட்டு, நோயாளி தூங்காத நேரத்தில் போக வேண்டும். கோலா பிலா, ஜுவாசே, பகாவ் வட்டார இளைஞர்கள் யாராவது இங்கே இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், வந்து பேர் கொடுங்கள்.