கிளாக்கோமா அறுவை சிகிச்சை: அழற்சி, தழும்புத் தடுப்பு மருந்துகள்

கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்தபின், அந்த இடம் தழும்பேறி மூடிக்கொள்ளாமல் காக்கும் மருந்துகள் இவை. 1968இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜே. ஈ. கெய்ர்ன்ஸ் அறிமுகப்படுத்திய டிராபெக்குலெக்டமி, விழியின் வெண்சுவரில் சிறு வழி திறந்து, உள்நீரை மேல்படலத்தின் அடியில் வடியவிடுகிறது. நீர் தேங்கும் அந்த மேட்டுக்கு ‘பிளெப்’ என்று பெயர். மற்ற அறுவைகளில் காயம் முழுதாக ஆறினால் வெற்றி. இதில் அதுவே தோல்வி. அழற்சியால் தூண்டப்பட்ட நார்த்திசுச் செல்கள் பெருகி, கொலாஜனைச் சுரந்து வழியை அடைத்துவிட்டால் அழுத்தம் மறுபடி ஏறும். அதனால் பார்வை நரம்பு கெட்டு இழந்த பார்வை திரும்பாது.

ஸ்டீராய்டுகள்: அழற்சியை முதலிலேயே தணிப்பவை. சொட்டு மருந்தாக இடப்படும் ஸ்டீராய்டு அறுவையின் பலனைக் கூட்டுகிறது என்றும், அதனுடன் மாத்திரை சேர்ப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்றும் 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சிலருக்கு ஸ்டீராய்டே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் தொடர் கண்காணிப்பு தேவை.

5-ஃபுளோரோயுராசில்: 1957இல் அறிமுகமான புற்றுநோய் மருந்து. செல்கள் பெருகுவதைத் தடுக்கும் இதன் ஆற்றலை 1980களில் கண் மருத்துவர்கள் பயன்படுத்தத் தொடங்கினர். தோல்வி வாய்ப்பு அதிகமுள்ள 213 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டு வாரங்களில் 21 ஊசிகள் போடப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் தோல்வி, ஊசி பெற்றவர்களில் 51 சதவீதம், பெறாதவர்களில் 74 சதவீதம். ஆனால் கருவிழியின் மேற்பரப்பு புண்ணாவதும் பிளெப் கசிவதும் கூடின.

மைட்டோமைசின்-சி: 1950களில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. தைவான் மருத்துவர் சென் 1980களின் தொடக்கத்தில் இதை கிளாக்கோமா அறுவையில் பயன்படுத்தினார். மருந்தில் நனைத்த பஞ்சை அறுவை செய்யும் இடத்தில் சில நிமிடங்கள் வைத்து எடுத்து, நீரால் நன்கு கழுவிவிடுவார்கள். பல ஊசிகளின் வேலையை இந்த ஒரு முறையே செய்துவிடுவதால் இது விரைவில் பரவியது. 2012இல் இதற்கென்றே தயாரித்த மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது. அளவு மிஞ்சினால் பிளெப் மெலிந்து கசியும். அழுத்தம் அளவுக்கு மீறிக் குறையும். ஆண்டுகள் கழித்தும் தொற்று வரலாம். அதனால் செறிவும் நேரமும் நோயாளிக்கேற்ப முடிவு செய்யப்படுகின்றன.

பிற முயற்சிகள்: தழும்பைத் தூண்டும் டி.ஜி.எஃப்-பீட்டா2 புரதத்தை மறிக்கும் லெர்டெலிமுமாப் எதிர்பொருள் பெரும் நம்பிக்கையோடு சோதிக்கப்பட்டது. வெற்று மருந்தைவிடப் பலன் இல்லை என்று 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

இன்றும் ஸ்டீராய்டு சொட்டும் மைட்டோமைசினுமே இச்சிகிச்சையின் தூண்கள். அறுவை முடிந்தவர்கள் சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. எத்தனை ஆண்டுகளானாலும் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.