லோரி வானொலிக்குப் பதில் வழிகாட்டித் திரை: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தோட்டத்துப் பிக்கப்பிலும் லோரியிலும் வண்டியோடு வந்த வானொலியைக் கழற்றிவிட்டு, வரைபடம் ஓடும் 'ஆண்ட்ராய்டு பிளேயர்' பொருத்துவோர் பலர். கடையில் திரை எத்தனை அங்குலம், விலை எவ்வளவு என்றுதான் பேச்சு நடக்கும். தோட்டத்துக்குள் அது வழி சொல்லுமா என்ற கேள்வி, வண்டி செம்மண் பாதையில் முழிக்கும்போதுதான் எழும்.

முதலில் அளவு. இரட்டை அடுக்கு வானொலியின் பொது அளவு 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் 200. பெரிய திரை என்றால் அந்த வண்டிக்கே உரிய கேசிங் வேண்டும். வண்டியின் வயரை வெட்டாமல் சாக்கெட் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். பழைய வானொலியையும் கேட்டு வாங்கி வையுங்கள். வண்டியை விற்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது மின்சாரம். லோரிக்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிக்கப் 12 வோல்ட். ஹீனோ, இசுசு லோரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். கடையில் தொங்கும் பிளேயர்களில் பல 12 வோல்ட்டுக்கானவை. நேரே கொடுத்தால் கருகிவிடும். சிலர் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் அதிகம் இறங்கும், மற்றது அளவுக்கு மீறி ஏறும், கடைசியில் இரண்டும் சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதே சரி; அது குறைந்தது 10 ஆம்பியர் தாங்க வேண்டும். ரிவர்ஸ் கேமரா பொருத்தினால் அதற்கும் இதே கவனம் தேவை, ரிவர்ஸ் விளக்கு வயரிலும் 24 வோல்ட்தான் வரும். மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்திலும், சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் வரும் இடத்திலும் சேர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், காலை மஸ்டருக்குப் புறப்படும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது.

புதுத் திரை போட்டதும் மின்னல் எஃப்எம் இரைகிறது என்றால் பழி திரைக்கு அல்ல. பல வண்டிகளில் ஆன்டெனாவுக்குத் தனி பூஸ்டர் உண்டு. அதற்குப் போகும் நீல வயரை இணைக்க மறந்திருப்பார்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி என்றால் கதை வேறு. அங்கு எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90-95க்குள் முடிந்துவிடும். நம் நாட்டில் 108 வரை. வண்டியோடு வந்த ஜப்பான் வரைபடமும் நமக்குப் பயனில்லை. அங்கே மாற்றுவது ஆடம்பரம் ஆகாது.

இனி வரைபடம். செயற்கைக்கோள் சமிக்ஞைக்குக் கட்டணமில்லை, கைப்பேசி லைனும் வேண்டாம். நான்கு செயற்கைக்கோள்கள் தென்பட்டால் இடம் தெரிந்துவிடும். லைன் கேட்பது வரைபடம்தான். அதனால் சிரம்பானிலோ பகாவிலோ லைன் உள்ள இடத்திலேயே நெகிரி செம்பிலான் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகள் வரைபடத்தில் இந்த வசதி உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஓஎஸ்எம்அண்ட் செயலியும் லைன் இல்லாமல் ஓடும். ஜிபிஎஸ் ஆன்டெனாவை முன் கண்ணாடிக்கு அடியில் வானம் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். உலோகம் கலந்த டின்டட் இருந்தால் சமிக்ஞை குறையும்.

இவ்வளவு செய்தும் தோட்டப் பெயர்கள் தகராறு செய்யும். லாபுவில் ரயில் நிலையம் உண்டு, லாபு தோட்டம் ஒன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்றும் உண்டு. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு மாறிய தமிழ்ப்பள்ளி சில பழைய தோட்டப் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயரை நம்பிப் போனால் தோட்டமே இருக்காது. செம்பனை சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவாகும்போது உள்பாதைகளும் மாறும். ஆகவே ஒரு பிரிவுக்கு, கோயிலுக்கு, கிளினிக்குக்கு ஒருமுறை போனதும் அங்கேயே நின்று இடத்தைச் சேமித்துவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் நாளில் அந்தப் புள்ளியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

இன்னொன்று: இந்தச் செயலிகள் பொதுவாகக் கார் வழியைத்தான் சொல்லும். உலு லங்காட்டிலிருந்து கோல கிளாவாங் வரும் கெந்திங் பெராஸ் மலைச்சாலை திரையில் குறுக்கு வழியாகத் தெரியலாம். சுமையேற்றிய லோரிக்கு அந்த வளைவுகள் ஆகாது. தோட்டப் பாலம் எவ்வளவு எடை தாங்கும், கேட்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கிலி போடுவார்கள் என்பதைப் புறப்படும் முன் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.