முகம் மட்டும் மாஸ்டருக்கு

1957-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘வணங்காமுடி’ வெளிவந்தபோது, சென்னை சித்ரா தியேட்டரில் 80 அடி உயரக் கட் அவுட் ஒன்றை மோகன் ஆர்ட்ஸ் நிறுத்தியது. அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மவுண்ட் ரோட்டின் ஆகாயம் பேனர் ஓவியர்களுடையதாக இருந்தது.

இளவயதில் நான் ஒரு பேனர் கம்பெனியில் வேலை பார்த்தவன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசிக் காயவைப்பது என் பொறுப்பு. கையளவு ஸ்டில் மீது பென்சிலால் கட்டம் போடுவோம். அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக நூல் பிடித்து அடிப்போம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கரியால் உருவம் ஏறும். பின்னணி ஒருவருக்கு, உடுப்பு இன்னொருவருக்கு, எழுத்து வேறொருவருக்கு. முகம் மட்டும் மாஸ்டருக்கு.

அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பச்சையும் நீலமும் ரோஸும் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். ஸ்டில்லில் அந்த நிறங்கள் கிடையாது. பல சமயம் அது கறுப்பு வெள்ளைப் படம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒருவன் ஒரு நொடி பார்ப்பான், அவனுக்கு அந்தக் கண் எட்ட வேண்டும் என்று கணக்குப் பண்ணி வைத்த நிறங்கள் அவை. மாஸ்டர் மூக்கோரம் நிழலைக் கொஞ்சம் கூட்டுவார். ஏணியிலிருந்து இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். திரும்ப வந்து ஏறுவார். ஓவியம் நடந்தது அந்தப் போக்குவரத்தில்தான் என்பேன்.

2000-ஐ ஒட்டி ஃபிளெக்ஸ் அச்சு மெஷின் வந்தது. ஸ்டில்லை அப்படியே பெரிதாக்கிச் சில மணி நேரத்தில் அச்சடித்துக் கொடுத்தது, விலையும் குறைவு. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிய தொழில். அந்தக் கணக்கில் மெஷினை ஜெயிக்க முடியாது. எனக்கு ஆறாதது வேறு. படம் மாறினால் அதே துணிமேல் வெள்ளை பூசி அடுத்த படம் எழுதுவோம். நைந்த துணி குடிசைக் கூரைக்குப் போகும். மூலையில் கம்பெனி பெயர் இருக்கும், முகம் எழுதியவர் பெயர் இருக்காது.

இப்போது ‘பழைய மெட்ராஸ் பேனர் மாதிரி’ என்று கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுத் தருகிறது. பச்சை நிழல்கூட இருக்கிறது. அந்தப் பச்சையைத் தெருவில் நின்று கண்டுபிடித்தவர்களுக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையோ கடைப் பலகையோ, ஓர் ஓவியரிடம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள், அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பழைய தியேட்டர் வாசல் போட்டோ இருந்தால், அந்தப் பேனரை எழுதியவர் யாரென்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, போட்டோவின் பின்னால் எழுதிவையுங்கள்.