நெல்சன் தெரு எலும்பு வைத்தியர்

தொடை எலும்பு முறிந்து ஒருவர் வந்தால் வார்டில் முதலில் தேடுவது தாமஸ் ஸ்பிளின்டைத்தான். தோல் சுற்றிய ஒரு வளையம், அதிலிருந்து கால் நீளத்துக்கு இறங்கும் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான் அது. அரசு மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கம்பிக்குப் பெயர் தந்த மனிதர் யாரென்று என்னோடு வேலை பார்த்த பலருக்குத் தெரியாது. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

வேல்ஸ் கரையை ஒட்டி ஆங்கிள்சி என்றொரு தீவு இருக்கிறது. 1740களில் அதன் பக்கம் ஒரு கப்பல் உடைந்தது. கரை சேர்ந்த சிறுவனுக்கு ஆங்கிலமும் தெரியவில்லை, வேல்ஸ் மொழியும் தெரியவில்லை. எந்த நாட்டுப் பிள்ளை என்று ஊராருக்குப் பிடிபடவில்லை. தீவிலேயே ஒரு வீட்டில் வளர்ந்த அவனுக்கு இவான் தாமஸ் என்று பெயர் வைத்தார்கள். முறிந்த எலும்பைத் தடவிப் பார்த்தே சேர்த்துவிடும் கை அவனுக்கு. முதலில் கால்நடைகளுக்குப் பார்த்து, பிறகு மனிதர்களுக்குப் பார்த்தான் என்பது அந்தத் தீவில் வழிவழியாக வரும் பேச்சு. அவர் 1814இல் இறந்தார். தொழில் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது.

பேரனுக்கும் இவான் என்றே பெயர். அவர் லிவர்பூல் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தார். பட்டம் இல்லை, ஆனால் வாசலில் கூட்டம் நின்றது. ஊர் டாக்டர்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்மேல் திரும்பத் திரும்ப வழக்கு வந்தது, அவரும் திரும்பத் திரும்ப விடுதலையானார். தன் பிள்ளைகளுக்கு இந்த அவமானம் வேண்டாமென்று ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பிவைத்தார். அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ், 1834இல் பிறந்தவர். எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1857இல் தேறினார். தகப்பனும் மகனும் சேர்ந்து வைத்தியம் பார்த்தது கொஞ்ச காலந்தான். ஒத்துவரவில்லை. மகன் தனியாகப் பிரிந்து, கடைசியில் நெல்சன் தெரு 11ஆம் எண் வீட்டில் நிலைகொண்டார்.

அவரிடம் வந்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பல் பட்டறை ஆட்கள், மாலுமிகள். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். வீட்டோடு ஒரு பட்டறை. அங்கே கொல்லரும் தோல் வேலைக்காரரும் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் கால் வேறு என்பதால் அளவெடுத்து அங்கேயே செய்து மாட்டிவிடுவார்கள். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் அவருக்குப் பதவி கிடையாது. அவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: அசையவிடாதே, இடையில் அவிழ்க்காதே, போதுமான காலம் விடு. 1875இல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் அந்த ஸ்பிளின்ட் வருகிறது. அவர் அதை முதலில் செய்தது காசநோயால் வீங்கிய முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கத்தான்.

தொடை முறிவுக்கு அது ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். உடம்பிலேயே வலுவான தசைகள் தொடையில் இருப்பவை. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி இழுக்க, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகிவிடும். கூரான முனை உள்ளே சதையைக் கிழிக்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாமலே தொடைக்குள் ஒரு லிட்டர் ரத்தம் தேங்கிவிடக்கூடும். தாமஸ் ஸ்பிளின்டின் வளையம் இடுப்பெலும்பில் அணைந்து நிற்கும். பாதத்தைக் கீழ்முனையில் இழுத்துக் கட்டுவார்கள். இழுப்பும் எதிரிழுப்பும் ஒரே கருவிக்குள் அடங்கிவிடும். ஆளைத் தூக்கினாலும் முறிவு ஆடாது.

எலும்பை ஒட்டவைப்பது நாமல்ல. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதில் மெல்லிய திசு வளர்ந்து, அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது. மணிக்கட்டுக்கு ஆறு வாரம் என்றால் பெரியவர்களின் தொடைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் நம் வேலை.

அப்படிப் பிடித்துவைக்க மாவுக்கட்டு தந்தவர் அந்தோனியஸ் மத்தெய்சன், டச்சு ராணுவ மருத்துவர். அதற்கு முன் ஐரோப்பாவில் கஞ்சிப்பசை தடவிய துணியைச் சுற்றுவார்கள். அது காய இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் எலும்பு விலகிவிடும். ஹார்லெம் ராணுவ மருத்துவமனையில் 1851இல் மத்தெய்சன் துணியில் உலர்ந்த ஜிப்சம் மாவைத் தேய்த்து, நனைத்துச் சுற்றினார். சில நிமிடங்களில் இறுகியது. கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் மாவுக்கட்டை ஏராளமான வீரர்களுக்குப் பயன்படுத்தினார். நானும் என் காலத்தில் காஜ் துணியில் கையால் மாவு தேய்த்து உருட்டியிருக்கிறேன். வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி அடங்கும்வரை பொறுக்க வேண்டும். உள்ளங்கையால்தான் தடவ வேண்டும், விரல் நுனி அழுத்திய குழி பிறகு உள்ளே புண்ணாக்கும். இறுகும்போது சூடேறும். குழந்தைகள் பயந்து அழும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஹியூ தாமஸ் 1891இல் இறந்தபோது அவர் முறையைப் பெரிய மருத்துவமனைகள் இன்னும் கையிலெடுக்கவில்லை. அதைக் கொண்டுசேர்த்தவர் அவருடைய மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். சிறு வயதிலேயே நெல்சன் தெரு வீட்டுக்கு வந்து அவர் கையில் தொழில் கற்றவர். 1888 முதல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு அவருக்கு. வழிநெடுக மருத்துவமனைகளும் முதலுதவி இடங்களும் அமைத்தார்.

பிறகு 1914இல் முதல் உலகப் போர் வந்தது. தொடையில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கிய வீரர்களைத் துப்பாக்கியையோ பலகையையோ வைத்துக் கட்டித் தூக்கிவந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் அதிகம். பத்தில் எட்டுப் பேர் போனார்கள் என்று அக்கால மருத்துவர்கள் எழுதினார்கள். ஜோன்ஸ் தாமஸ் ஸ்பிளின்டைப் போர்முனைக்குக் கொண்டுபோக வாதாடினார். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டும் என்று ஸ்டிரெச்சர் தூக்குகிறவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பூட்ஸையும் கால்சட்டையையும் கழற்றாமலே மாட்டுவது. 1917 ஆரஸ் போரில் ராணுவ அறுவை மருத்துவர் ஹென்றி கிரே கணக்கெடுத்த ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தொடை முறிவுகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 16 பேருக்கும் குறைவு. புண்ணைச் சீக்கிரம் சுத்தம் செய்ததும் ரத்தம் ஏற்றியதும் இதற்குக் காரணம்தான். ஆனால் அறுவை மேசைவரை ஆளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது நெல்சன் தெருப் பட்டறையில் பிறந்த கம்பி.

பட்டமில்லாத பரம்பரைக் கை, பட்டம் பெற்ற மகன், அவர் வளர்த்த மாணவன் என்று மூன்றும் சேர்ந்த பிறகுதான் அந்த உயிர்கள் பிழைத்தன. இதை எலும்பு மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அசையாமல் பிடிப்பது வேறு, இறுக்கி நெரிப்பது வேறு. இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கையைச் சூம்ப வைக்கும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் விடியட்டும் என்று வீட்டில் காத்திருந்து, கறுத்த விரல்களோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டோ, வைத்தியசாலையில் போட்ட மூங்கில் கட்டோ, எதுவானாலும் சரி. விரல் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது வலியில் உயிர் போனாலோ, நடுராத்திரியானாலும் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.