பெர்லினில் ஓர் அஞ்ஞாதவாசம்

1921-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தின் முதல் பாதியில், பெர்லின் நகரத்து ஹார்டன்பர்க் வீதியில் இரண்டு அந்நியர்கள் எதிரெதிர் வரிசையில் குடியிருந்தார்கள். 4-ஆம் எண் வீட்டில் இருந்தவர் ஒரு துருக்கிக் கனவான். பருத்த சரீரம், காலையில் உலாவப் போகும் பழக்கம். 37-ஆம் எண் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தவன் இருபத்து நான்கு வயது ஆர்மீனிய இளைஞன். இயந்திரத் தொழில் படிக்க வந்த மாணவன் என்று சொல்லிக்கொண்டான். கனவானின் பெயரும் பொய், இளைஞனின் படிப்பும் பொய்.

நம் பாரதத்திலும் அஞ்ஞாதவாசம் உண்டு. பாண்டவர்கள் விராட நகரத்தில் சமையற்காரனாகவும் நாட்டிய ஆசிரியனாகவும் குதிரைக்காரனாகவும் ஒளிந்திருந்தார்கள். ஆனால் துரியோதனன் அஸ்தினாபுரத்தில் தன் சொந்தப் பெயரோடுதான் இருந்தான். ஒரே வீதியில் துரியோதனனும் ஒளிந்து வாழ, அவனைத் தேடி வந்தவனும் ஒளிந்து வாழ்ந்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

4-ஆம் எண் வீட்டுக்காரர் தலாத் பாஷா. தபால் தந்தி இலாகாவில் சிறு உத்தியோகத்தில் ஆரம்பித்து, துருக்கி சாம்ராஜ்யத்தின் உள்நாட்டு மந்திரியாகி, 1917-இல் பிரதம மந்திரியாகவும் ஆனவர். 1915-இல், முதல் உலக யுத்தத்தின் நடுவே, ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டை விட்டுக் கிளப்பி சிரியாப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லும்படி உத்தரவுகள் போயின. அவை அவருடைய இலாகாவிலிருந்துதான் போயின. தந்திக் கம்பியில் தொழில் கற்றவர்; அந்தக் கம்பியின் வழியாகவே ஒரு ஜனசமூகத்தைத் துடைத்தெடுத்தார். ஆண்களைப் பெரும்பாலும் ஊர் எல்லையிலேயே தீர்த்துவிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் நடந்தார்கள். வழியில் வெட்டுண்டவர்கள், ஆற்றில் தள்ளப்பட்டவர்கள், பசியிலும் தாகத்திலும் விழுந்தவர்கள் என்று செத்தவர்களின் தொகையை 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை சொல்கிறார்கள். பத்து லட்சத்தை ஒட்டி என்பது பலருடைய கணக்கு.

யுத்தத்தில் துருக்கி தோற்றதும், 1918 நவம்பர் மாத ஆரம்பத்தில் பாஷா ஒரு ஜெர்மன் கப்பலில் ஏறித் தப்பினார். கான்ஸ்டான்டிநோபிளில் துருக்கியர்களே அமைத்த ராணுவ நீதிமன்றம், 1919 ஜூலை மாதத்தில் அவர் இல்லாமலே விசாரித்து மரண தண்டனை விதித்தது. தண்டனை காகிதத்தில் இருந்தது. பாஷா பெர்லினில் இருந்தார். ஜெர்மன் சர்க்கார் பழைய யுத்தத் தோழரைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

37-ஆம் எண் வீட்டு இளைஞனின் பெயர் சோகோமோன் தெஹ்லிரியன். எர்சிஞ்சான் என்ற ஊரில் வளர்ந்தவன். அந்த ஊரின் ஆர்மீனியர்களும் 1915-இல் நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்களில் அவனுடைய தாய் இருந்தாள். நெருங்கிய உறவினர் பலர் இருந்தார்கள். யாரும் திரும்பி வரவில்லை என்றே சொல்லிவிடலாம்.

பெர்லினில் அவன் நடத்திய வாழ்க்கையை எண்ணினால் வயிற்றைப் பிசைகிறது. போலீஸில் முறையாகப் பதிவு செய்துகொண்டான். ஓர் ஆசிரியையிடம் ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டான். வாடகைக்கு விட்ட அம்மாள்களிடம் அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கினான். நடனப் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போனான்! அங்கே ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தான். அவனுக்கு வலிப்பு மாதிரி ஒரு வியாதி இருந்தது. நாசமான தன் வீட்டை முதன்முதலில் பார்த்த அன்று தொடங்கியது அது. நரம்பு வைத்தியத்தில் பேர்பெற்ற டாக்டர் காஸிரர் என்பவரிடம் சிகிச்சை பெற்று வந்தான். வேஷங்களுக்கு நடுவே அந்த வியாதி மட்டும் வேஷமில்லை.

மார்ச்சு 15-ந் தேதி காலை பாஷா வழக்கம்போல் உலாவக் கிளம்பினார். ஜன்னலிலிருந்து பார்த்த தெஹ்லிரியன் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினான். எதிர்ப்புற நடைபாதையில் வேகமாகப் போய், தாண்டி, திரும்பி, முகத்தை நன்றாகப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, அவர் கடந்து சென்றதும் பின்னாலிருந்து தலையில் சுட்டான். ஒரே குண்டு. துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடினான். ஜனங்கள் துரத்திப் பிடித்து அடித்தார்கள். தானும் அந்நியன், செத்தவரும் அந்நியர், ஜெர்மனிக்கு இதில் நஷ்டமில்லை என்று உடைந்த ஜெர்மனில் ஏதோ சொன்னான். அதற்குத்தான் பாஷை படித்தான் போலிருக்கிறது.

கொலையைவிட என் மனத்தை அதிகமாக அரிப்பது ஜூன் மாதம் 2, 3 தேதிகளில் பெர்லினில் நடந்த விசாரணைதான். ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்கள். யுத்த காலத்தில் துருக்கிக்குத் தோழமையாக இருந்த ஜெர்மனியின் அழுக்கு மூட்டையும் அவிழ்ந்துவிடுமே என்ற கவலை அந்த ஊர் வெளிநாட்டு இலாகாவுக்கு.

ஜட்ஜ் கேட்கக் கேட்க இளைஞன் தன் கதையைச் சொன்னான். ஊரைக் கிளப்பியபோது அவனும் அந்த ஊர்வலத்தில் இருந்தானாம். காவல் வந்தவர்களே கொள்ளையடித்தார்களாம். சகோதரியை இழுத்துப் போனார்கள். தாய் விழுந்தாள். சகோதரனுடைய மண்டை கோடரியால் பிளந்ததைக் கண்ணால் கண்டான். தன் தலையிலும் அடி விழுந்தது. விழித்துப் பார்த்தபோது அவன்மேல் சகோதரனுடைய பிரேதம் கிடந்தது. பிறகு மலைகளில் அலைந்து, எங்கெங்கோ போய், படிக்க பெர்லினுக்கு வந்தான். ஒருநாள் மிருகக்காட்சிசாலைப் பக்கம் துருக்கிப் பேச்சு காதில் விழ, திரும்பிப் பார்த்தால் தலாத்! அப்புறம் சில வாரம் கழித்துத் தாயின் உருவம் எதிரே தோன்றியது. தலாத் இங்கே இருப்பது தெரிந்தும் நீ சும்மா இருக்கிறாயே, இனி நீ என் மகனல்ல என்று சொல்லிற்று. அதற்குப் பிறகுதான் ஹார்டன்பர்க் வீதிக்குக் குடி மாறினான்.

கோர்ட்டில் ஈ ஆடவில்லை. ஒரு மனிதனைக் கொன்றது உண்மை, ஆனால் தான் கொலைகாரன் அல்ல என்றான். மற்றச் சாட்சிகளும் வந்தார்கள். ஊர்வலத்தில் நடந்து பிழைத்த ஓர் ஆர்மீனிய மாது சாட்சி சொன்னாள். ஆர்மீனியர்களுக்காகப் பாடுபட்ட ஜெர்மன் பாதிரியார் லெப்ஸியஸ் வந்தார். 1915 ஏப்ரல் 24-ந் தேதி இரவு கான்ஸ்டான்டிநோபிளில் கைதாகித் தப்பிப் பிழைத்த பாலாக்கியன் என்ற குருவும் வந்தார். ஐந்து வைத்தியர்கள் அவன் மனநிலையை அலசினார்கள். செய்த சமயத்தில் அவனுக்குச் சுயபுத்தி இருந்ததா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பன்னிரண்டு ஜூரிகளும் ஒரு மணி நேரம்போல் ஆலோசித்துவிட்டு வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எர்சிஞ்சானிலிருந்து அந்த ஊர்வலம் கிளம்பியபோது தெஹ்லிரியன் அங்கே இல்லை.

யுத்தத்துக்கு முன்பே தகப்பனார் இருந்த செர்பியாவுக்குப் போய்விட்டவன் அவன். யுத்தம் மூண்டதும் காகேஸியாவுக்கு வந்து, ருஷ்யப் பட்டாளத்தோடு சேர்ந்த ஆர்மீனியத் தொண்டர் படையில் பதிவு செய்துகொண்டான். 1916-இல் ருஷ்யர்கள் எர்சிஞ்சானைப் பிடித்த பிறகுதான் தன் ஊரைப் பார்த்தான். வீடு இருந்தது, ஆள் இல்லை. பெர்லினுக்கு வந்ததும் தற்செயல் இல்லை. யுத்தம் முடிந்ததும் கான்ஸ்டான்டிநோபிளில், கைது செய்ய வேண்டிய ஆர்மீனியர்களின் ஜாபிதா தயாரிக்க உதவியவன் என்று பேர்பெற்ற ஓர் ஆர்மீனியத் துரோகியைச் சுட்டுக் கொன்றிருந்தான். அதைக் கேள்விப்பட்ட ஆர்மீனியப் புரட்சிக் கட்சியார் அவனை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். பழிவாங்கும் கிரேக்க தேவதையின் பெயரைக் கொண்டு ‘நெமெஸிஸ்’ என்று பின்னால் அழைக்கப்பட்ட ரகசிய ஏற்பாட்டில் முதல் வேலையைக் கொடுத்து, ஜெனீவா வழியாக அனுப்பினார்கள். தப்பி ஓட வேண்டாம், கோர்ட்டையே மேடையாக்கு என்பது அவனுக்கு இட்ட கட்டளை. ஓடினான் என்றாலும், மேடை கிடைத்துவிட்டது. 1950-களில் கெய்ரோவில் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் படையில் சேர்ந்தது உட்பட எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டான்.

ஆக, ஜூரிகளைக் கண் கலங்க வைத்த சாட்சி, கண்ணால் காணாத சாட்சி. சட்டப்படி பார்த்தால் பொய்ச்சாட்சி.

கதை கட்டிப் பிழைக்கிறவன் நான். இந்தப் பொய்யை நான் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. சாமர்த்தியக் கணக்கு விளங்குகிறது. நிஜத்தைச் சொல்லியிருந்தால், கட்சி அனுப்பிய ஆள், திட்டமிட்ட கொலை, இது இரண்டாவது என்றாகி, ஜெர்மன் தேசத்துச் சட்டப்படி தலை போயிருக்கும். அந்தப் பொய்யால் வந்த நஷ்டமும் விளங்குகிறது. அப்படி ஒரு படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள், பாருங்கள், அவர்கள் கதாநாயகனே பொய் சொன்னவன்தான் என்று கை நீட்ட அது இடம் கொடுத்துவிட்டது. எத்தனையோ நிஜமான சாட்சிகள் கண்ணெதிரே இருக்க, ஒரு பொய்யான சாட்சியை உலகம் நினைவில் வைத்துக்கொண்டதே!

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. அவன் எத்தனையோ விதமாகப் பொய் சொல்லியிருக்கலாம். அண்டைவீட்டுக்காரன் சொன்னான், உறவுக்காரி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஊர்வலத்தில் தாயின் பக்கத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டான். சகோதரனுடைய பிரேதத்தின் அடியில் தன்னைப் படுக்க வைத்துக்கொண்டான். கட்சிக்காரர்கள் சொல்லிக் கொடுத்த பாடமாகவே இருக்கட்டும். அதை ஒப்பிக்கும்போது அவன் குரல் நடுங்கியது பாடமாக இருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே இருந்து தப்பியவனுடைய துக்கம் ஒரு விதம். அங்கே இல்லாமல் போனவனுடைய துக்கம் வேறு விதம். அதற்கு அழுவதற்குக்கூட ஓர் இடம் கிடையாது. இறந்தவளை எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா என்றுகூட அவனுக்குத் தெரியாது. மயங்கி மயங்கி விழுந்தானே, அது எந்தக் காட்சியைக் கண்டு? கண்ணால் கண்டவனுக்காவது ஒரு காட்சிதான். காணாதவனுக்கு ராத்திரிக்கு ஒன்று.

கண்ணகிக்குக் கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, பாண்டியன் சபையில் வழக்கு முடிந்தது. இவன் எதை உடைப்பான்?

நம் நாட்டு உத்தம் சிங்கையும் இங்கே நினைக்காமல் முடியவில்லை. 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலை. இருபத்தொரு வருஷம் கழித்து, 1940 மார்ச்சு 13-ந் தேதி, லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் அவர் மைக்கேல் ஓ’ட்வையரைச் சுட்டார். அந்த வருஷங்களுக்குள் எத்தனை பெயர்கள், எத்தனை தொழில்கள்! படுகொலை நடந்த அன்று அவர் அந்தத் தோட்டத்துக்குள் இருந்தாரா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அவரையும் விசாரித்தார்கள். அவர் பேச்சைப் பத்திரிகைகளில் போடக்கூடாது என்று ஜட்ஜ் தடுத்துவிட்டார். ஜூலை 31-ந் தேதி தூக்கில் போட்டார்கள். பெர்லின் கோர்ட்டு பேச விட்டது என்பதே பெரிய விஷயமாகப் படுகிறது.

பேச விட்டதன் பலன் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. போலந்து தேசத்து லுவோவ் நகரத்தில் ரஃபேல் லெம்கின் என்ற யூத மாணவன் இந்த வழக்கைப் பற்றித் தன் ஆசிரியரிடம் கேட்டானாம்: ஒருவன் ஒருவனைக் கொன்றால் குற்றம், ஒருவன் பத்து லட்சம் பேரைக் கொன்றால் குற்றமில்லையா? குடியானவன் தன் கோழிகளை அறுத்தால் அடுத்தவன் கேட்க முடியாது, அரசாங்கமும் அப்படித்தான் என்கிற மாதிரி ஆசிரியர் பதில் சொன்னாராம். கோழிக் கணக்கு அவனுக்குச் செரிக்கவில்லை. சட்டம் படித்தான்; ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனான்; 1944-இல் ‘ஜெனோசைட்’, அதாவது இனப்படுகொலை என்ற வார்த்தையை உண்டாக்கினான். 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அதைச் சர்வதேசக் குற்றமாக ஏற்றுக்கொண்டது. ஆர்மீனியர்களுக்கு நேர்ந்ததும் அதுவே என்று ஜெர்மன் பார்லிமெண்டு தீர்மானம் போட்டது 2016 ஜூன் 2-ந் தேதி. தெஹ்லிரியனின் விசாரணை தொடங்கிய அதே தேதி! துருக்கி சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை.

தலாத் பாஷாவின் உடலை ஹிட்லரின் ஜெர்மனி 1943-இல் மரியாதைகளோடு இஸ்தான்புல்லுக்கு அனுப்பி வைத்தது. அங்கே சுதந்திர ஸ்தூபி இருக்கும் இடத்தில், சொந்தப் பெயரோடு அடக்கம் செய்தார்கள்.

தெஹ்லிரியனை இனி ‘அவர்’ என்றே சொல்ல வேண்டும், வயதாகிவிட்டது. விடுதலையானதும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, கல்யாணம் செய்துகொண்டு, பல வருஷம் செர்பியாவில் குடும்பம் நடத்தினார். பிள்ளைகள் பிறந்தார்கள். யுத்தத்துக்குப் பின் அங்கிருந்து காஸாபிளாங்கா, பாரிஸ் என்று போய், கடைசியில் அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ சேர்ந்தார். 1960 மே 23-ந் தேதி இறந்தார். பிரெஸ்னோ நகரத்து ஆர்மீனிய மயானத்தில், பாம்பைக் கொல்லும் கழுகை உச்சியில் வைத்து அவருக்கு ஒரு ஸ்தூபி எழுப்பியிருக்கிறார்கள். அதில் அவருடைய நிஜப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்த காலத்தில், துருக்கியர் யாராவது தேடி வந்துவிடக் கூடும் என்ற பயத்தில், சாரோ மெலிக்கியன் என்ற பெயரில் வாழ்ந்திருந்தார்.