கரை சேர்த்தவர்கள்

திருநின்றவூரில் கடல் இல்லை. ஏரி உண்டு, திருக்குளம் உண்டு, இரயில் பாதை உண்டு. ஆயினும் அவ்வூரின் பெயரிலேயே கடலின் கதை ஒன்று தங்கியிருக்கிறது. திருமகள் வைகுந்தம் நீங்கி வந்து நின்ற இடமாதலின் இது திருநின்றவூர் ஆயிற்று என்பர். மகளைத் திரும்ப அழைத்துச் செல்ல வந்த கடலரசன், அவள் உள்ளம் இரங்குமாறு ‘என்னைப் பெற்ற தாயே’ என்று அழைத்தான் என்றும், அதனாலேயே பக்தவத்சலப் பெருமாள் கோயில் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாய்’ என்னும் திருநாமம் வழங்குகிறது என்றும் தலபுராணம் கூறும். கடலே பணிந்து வந்து நின்ற ஊர் என்பது பக்தி மரபின் பெருமிதம்.

நடைமுறை இதற்கு மறுதலை. கடல் இவ்வூருக்கு வருவதில்லை. இவ்வூரார் கடலுக்குச் செல்கின்றனர். சித்திரை வெயில் ஏறியதும் மின்தொடர் வண்டியில் சென்னைக்கும், வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுகின்றனர். ஏரியின் ஆழம் அறிந்தவர்கள் இவர்கள். அலையின் இயல்பு அறியாதவர்கள். இந்த அறியாமையின் விலையைப் பல நேரங்களில் கடற்கரைக் குப்பத்து மீனவரே கொடுத்து வந்திருக்கின்றனர். மூழ்குவோரை மீட்க அலைக்குள் பாய்ந்த அம்மக்களின் வரலாறு நீண்டது. எழுதப்பட்ட பகுதியோ மிகச் சிறிது.

இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குச் சென்றவனை எண்ணிக் கரையில் வருந்தி நிற்பவளே அத்திணையின் நடுநாயகம். மீட்கச் சென்றவரைப் பற்றிய குறிப்பு அரிது. அவ்வரிய குறிப்புகளுள் ஒன்று மருதியைப் பற்றியது. நீராடிக்கொண்டிருந்த ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளம் கவர்ந்து சென்றது. ஆதிமந்தி அவனைத் தேடி அரற்றித் திரிந்தாள். அவனை அவளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடலுள் புகுந்தவள் மருதி. அகநானூற்றின் 222ஆம் பாட்டில் பரணர் இவளைக் குறிப்பிடுகிறார். நீரில் அகப்பட்டவனைக் காத்தவள் அவளே எனப் பொருள் கொள்வோர் உளர். ஆதிமந்தியின் துயர் பிற்காலத்தில் கதையாகவும் காப்பியமாகவும் வளர்ந்தது. மருதியோ ஓரிரு அடிகளோடு நின்றுவிட்டாள். காப்பியக் காலத்தில் மீட்கும் பணி தெய்வத்திற்கு உரியதாயிற்று. கலம் உடைந்து தவித்த கோவலனின் முன்னோன் ஒருவனை மணிமேகலா தெய்வம் காத்தது. அந்நன்றியே ஒரு பெண் குழந்தையின் பெயராயிற்று. தெய்வத்தின் பெயர் நிலைத்தது. கட்டையைப் பற்றித் தவித்தவனிடம் நீந்திச் சென்ற மனிதரின் பெயர் அவ்வாறு நிலைக்கவில்லை.

இக்குறை சென்னைக் கடற்கரையில் தெளிவாகத் தெரிகிறது. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றியபோது அங்குத் துறைமுகம் இல்லை; அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே வரிசை வரிசையாக மடிந்து விழும் பேரலைகள். ஐரோப்பியரின் ஆணியடித்த படகுகள் அவ்வலைகளில் மோதி உடைந்தன. அலையைத் தாங்கியது இந்நாட்டார் கட்டிய மசூலாப் படகு ஒன்றே. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்த அப்படகில் இரும்பாணி கிடையாது. அலை அடிக்கும்போது அது விறைத்து நில்லாமல் வளைந்து கொடுக்கும். அதனால் உடையாது தப்பும்.

எனினும் மசூலாவும் கவிழ்வதுண்டு. ஆகவே பயணிகளை ஏற்றிய படகோடு ஒன்றிரண்டு கட்டுமரங்கள் துணையாகச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. மிதவை மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் பிணைத்ததே கட்டுமரம். அதில் மூழ்குவதற்கு உள்ளிடம் இல்லை. அலை புரட்டினாலும் ஓட்டுபவர் மீண்டும் ஏறிக்கொள்வார். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவர்களைத் தேடிப் பிடித்து மரத்தின் மேல் ஏற்றிக் கரை சேர்ப்பது கட்டுமரக்காரரின் பணி. எந்தப் படகும் செல்ல இயலாத நாட்களிலும் அவர்கள் சென்றனர். பனையோலைப் பின்னலால் ஆன கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து நனையாமல் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தனர். அலை அளவுக்கு மீறிய நாட்களில் கரையில் கொடி ஏற்றிப் படகோட்டத்தைத் தடுக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. இன்றைய கடற்கரைகளில் பறக்கும் சிவப்புக் கொடிக்கு அதனை முன்னோடி எனலாம்.

இவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள் என்பது உண்மையே. ஆனால் துணை செல்வதற்குத்தான் கூலி. மடியும் அலைக்குள் பாய்ந்து முன்பின் அறியாத ஒருவரின் தலைமுடியைப் பற்றித் தூக்குவதற்கு விலை வகுத்தவர் யார்? கும்பினி ஆட்சியாருக்கும் இது தெரிந்திருந்தது. உயிர்காத்த கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் வழங்கப்பட்டதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்ககால நூல்கள் குறிப்பிடுகின்றன. பதக்கத்தைக் குறித்த அந்நூல்கள், அதை அணிந்தவரின் பெயரைப் பெரும்பாலும் குறிக்கவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இதனோடு வைத்துக் காண்பது பயன் தரும். மான் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹில்லரி, கரைக்கு அருகிலேயே கப்பல்கள் உடைந்து மாலுமிகள் மாண்டதைக் கண்டவர். தாமே மீட்புப் படகில் சென்றவர். அவருடைய முயற்சியால் 1824 மார்ச்சு 4ஆம் நாள் இலண்டனில் ஓர் அமைப்பு தோன்றியது. இன்று அரச தேசிய உயிர்மீட்புப் படகு நிறுவனம் என வழங்குவது அதுவே. இருநூறு ஆண்டுகளில் அது ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்துள்ளது. அதன் படகோட்டிகளில் பெரும்பாலோர் தொண்டர்கள். கடைக்காரர், ஆசிரியர், மீனவர் எனத் தத்தம் தொழில் செய்வோர். அழைப்பு வந்ததும் கைவேலையை விட்டுவிட்டுப் படகுக்கு ஓடுகின்றனர். செலவின் பெரும்பகுதியை மக்களின் நன்கொடை ஏற்கிறது. 1838இல் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், தந்தையோடு துடுப்பு வலித்துச் சென்று, உடைந்த கப்பலில் தவித்தோரை மீட்டார். அந்நிறுவனம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது. வேர்ட்ஸ்வொர்த் அவரைப் பாடினார். அங்கும் இங்கும் துணிவு ஒன்றே. அங்கு அத்துணிவுக்குப் படகும் பயிற்சியும் பெயர்ப் பதிவும் கிடைத்தன. இங்கு அது வழக்கமாக மட்டுமே வாழ்ந்தது. வழக்கத்திற்குத் தேவை தீர்ந்ததும் மறதி வந்தது.

தேவை தீர்ந்த விதமும் நோக்கத்தக்கது. சென்னைத் துறைமுகப் பணி 1870களின் இடையில் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, பின்னர் மீண்டும் நிறைவேறியது. கப்பல்கள் சுவர்களுக்குள் வந்து நின்றன. மசூலாவும் அதன் துணைமரமும் பயணிகளுக்கு வேண்டாதவை ஆயின. அதே துறைமுகச் சுவர் கடல் நீரோட்டம் கொண்டுவந்த மணலைத் தெற்கே தடுத்துத் தேக்கியது; வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளை அரிப்புக்கு உள்ளாக்கியது. தெற்கே தேங்கிய மணலே அகன்ற மெரினா. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாச்சாலை அமைத்துப் பெயரும் இட்டார். உயிர்காக்கும் கட்டுமரக்காரர் பணியிழந்த காலத்திலேயே நகர மக்கள் இன்பமாகப் பொழுதுபோக்கும் கடற்கரை உருவாயிற்று. காப்பவர் விலகினர், கூட்டம் வந்தது.

பணியிழந்தாலும் பண்பு அழியவில்லை என்பதற்கு அண்மைக் காலமே சான்று. 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோரை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். மகிழ வந்த உறவுக் கூட்டம். திருவள்ளூர் மாவட்டம் இன்றும் மறக்காத துயரம் அது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, மாடிகளில் சிக்கியோரை இறக்கினர். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாக அப்போது கணக்கிடப்பட்டது. யாரும் அவர்களைப் படையாகத் திரட்டவில்லை, தாமே வந்தனர். படகின் அடிப்பலகை தார்ச்சாலையில் உரசித் தேய்ந்தது அவர்களுடைய பிழைப்பின் தேய்மானம். நீர் வடிந்ததும் பாராட்டும் வடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

மீட்பு என்பது கடைசி வழி. முதல் வழி, கடலை அறிவது. கரையை நோக்கி ஓயாது வரும் அலைநீர், எங்கேனும் குறுகிய ஒரு தடத்தில் திரண்டு கடலை நோக்கி விரைந்து திரும்பும். இதுவே இழுப்பு நீரோட்டம். அலை மடியாமல் அமைதியாகத் தோன்றும் இடைவெளியே பெரும்பாலும் அதன் தடம். அமைதியை நம்பி இறங்குபவர் அதில் அகப்படுகிறார். அது ஆளைக் கீழே அழுத்துவதில்லை. அப்பால் கொண்டு செல்லும். எதிர்த்து நீந்திக் களைப்பவரே மூழ்குகின்றனர். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அத்தடத்தை விட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். இயலாவிடில் மிதந்தபடியே கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இன்னோர் ஆபத்துக்கு மீனவரின் சொல்லே உலகப் பெயராயிற்று. காற்றும் மழையும் இல்லாத நாளில், தொலைவிலுள்ள தென்னிந்தியப் பெருங்கடலின் புயல்களில் எழுந்த நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து திடீரெனக் கரையேறும். திருடனைப் போல் வருவதால் கேரளக் கடலோடிகள் இதனைக் கள்ளக்கடல் என்றனர். 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லையே அறிவியல் வழக்காக ஏற்றது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் கலந்ததற்கு இணையான சிறப்பு இது. கோடையில் வரும் இவ்வலைகளை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னறிந்து எச்சரிக்கிறது. 2024 மே தொடக்கத்திலும் எச்சரித்தது. ஆயினும் மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டு சென்றது. சொல் இருந்தது, முன்னறிவிப்பு இருந்தது. அவை உரியவரின் செவிக்குச் சேரவில்லை.

மூழ்குபவரைக் கண்டு, நீச்சல் தெரியாதவரும் பாசத்தால் குதிப்பதே ஒரு சாவைப் பல சாவாக்குகிறது. கயிறு, கழி, முடிச்சிட்ட சேலை, மூடிய வெறுங்குடம் என மிதப்பதும் நீள்வதுமான எதையேனும் எறிந்து, குப்பத்தாரைக் கூவி அழைப்பதே முறை. கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவற்படையின் 1554, மருத்துவ ஊர்திக்கான 108 ஆகிய எண்கள் மனப்பாடமாக வேண்டும். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவியே உயிர் தரும். உலக நல நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர். ஏரியும் கிணறும் குட்டையும் அக்கணக்கில் அடங்கும். ஆதலின் நீச்சல் கற்பது கடலூரார்க்கு மட்டும் உரிய கடமையன்று.

உயிர்காத்தோர்க்கு நடுவண் அரசு 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்குகிறது. ஆனால் பதக்கம் நிகழ்ந்த துணிவுக்கு நன்றி. நிகழப்போகும் துணிவுக்கு அது மிதவையாகாது. பழவேற்காடு முதல் கடலோரக் குப்பங்கள் தோறும் மீட்புக்கென ஒரு படகு, மிதவை அங்கி, முதலுதவிப் பயிற்சி, மீட்கச் சென்றவர் மீளாவிடில் அவர் குடும்பத்தைத் தாங்கும் காப்பீடு ஆகியவை அமைந்தால், முந்நூறு ஆண்டு வழக்கம் ஒரு நிறுவனமாக நிமிரும். ஹில்லரி தொடங்கியதும் இவ்வளவே.

எழுதுவோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கட்டுமரக்காரரின் பதக்கத்தை எழுதிப் பெயரை விட்டது அயலார் செய்த பிழை. 2011இலும் 2015இலும் படகெடுத்துச் சென்றோர் பலர் இன்றும் குப்பங்களில் வலை பின்னிக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு, பெயரும் ஊரும் நாளும் குறித்து வைப்பது இயலாத செயல் அன்று. பரணர் மருதியின் பெயரைச் சொன்னார். அதனால் ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் அவள் இருக்கிறாள்.